எழுதலாமா என்று கேட்காதீர்கள், எழுதிப் பாருங்கள்!

ஷெல் ஸ்கிரிப்ட், பெர்ல் என்று எதைச் சொல்லித்தரும் புத்தகத்தை எடுத்தாலும் நாலாவது அஞ்சாவது பாடத்திலேயே ஒரு அட்டவணை வந்துவிடும். மைனஸ் இ போட்டால் கோப்பு இருக்கிறதா என்று சொல்லும். மைனஸ் எஃப் போட்டால் அது சாதாரணக் கோப்பா, மைனஸ் டி போட்டால் அது டைரக்டரியா. மைனஸ் ஆர் என்றால் படிக்கலாமா, மைனஸ் டபிள்யூ என்றால் எழுதலாமா, மைனஸ் எக்ஸ் என்றால் இயக்கலாமா. (ஆங்கில எழுத்தே போடாமல் எழுதுவது என்று வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அட்டவணைக்குக் கீழே ஒரு மாதிரி நிரல் இருக்கும். எழுத அனுமதி இருக்கிறதா என்று கேள், இருந்தால் எழுது, இல்லாவிட்டால் 'அனுமதி இல்லை' என்று அச்சடி. படிக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் ஏதோ ரொம்பப் பொறுப்பாக நிரல் எழுதிவிட்ட திருப்தி.

இந்தப் பாடத்தைத்தான் இன்றைக்குத் திட்டப்போகிறேன். அட்டவணையில் தப்பில்லை. அதற்குக் கீழே இருக்கும் அந்த மாதிரி நிரல்தான் தப்பு. கேட்டுவிட்டுச் செய் என்று சொல்லிக்கொடுப்பது பாதுகாப்பு மாதிரி தெரிகிறது. ஆனால் பெரும்பாலான இடத்தில் அது பாதுகாப்பே இல்லை, பல இடத்தில் பொய்.

கேள்வி கேட்பது ஒரு நொடி, வேலை செய்வது அடுத்த நொடி. இரண்டுக்கும் நடுவில் உலகம் நிற்காது. தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏசி இல்லாத வகுப்புக்குக் காலை 11 மணிக்குத் திறப்பான். விழுப்புரத்திலிருந்து ஒரு ஸ்லீப்பர் வேண்டும் என்று ஐஆர்சிடிசி தளத்தில் பார்த்தால் இருக்கை இருக்கிறது என்று பச்சையில் காட்டும். பெயர், வயது எல்லாம் அடித்துப் பணமும் கட்டிவிட்டு வந்தால் வெயிட்டிங் லிஸ்ட். தளம் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த நேரத்தில் இடம் இருந்தது உண்மை. அந்த உண்மைக்கு ஆயுள் அவ்வளவுதான். இதையே காசோலையிலும் பார்க்கலாம். ஒருவர் கணக்கில் இன்று காலை பணம் இருந்ததா என்பது யாருக்கும் பொருட்டில்லை. வங்கியில் காசோலையைக் கொடுத்த அன்று பணம் வந்ததா, திரும்பியதா என்பதைத்தான் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவு பார்க்கிறது. எங்கள் காமர்ஸ் பாடத்தில் இதற்குத் தனி யூனிட்டே உண்டு. கம்ப்யூட்டர் பாடத்தில்தான் யாரும் சொல்வதில்லை.

கோப்பும் அப்படித்தான். மைனஸ் டபிள்யூ 'எழுதலாம்' என்று சொன்னதற்கும் நீங்கள் ஓப்பன் செய்வதற்கும் நடுவில் இன்னொரு நிரல் அந்தக் கோப்பை அழித்திருக்கலாம், பெயர் மாற்றியிருக்கலாம், டிஸ்க் நிறைந்திருக்கலாம், யாராவது பென்டிரைவைப் பிடுங்கியிருக்கலாம். ஆகவே ஓப்பன் தோற்றால் என்ன செய்வது என்று எப்படியும் எழுதித்தான் ஆகவேண்டும். அதை எழுதிவிட்டால் முன்னால் கேட்ட கேள்வி எதற்கு? அதை எழுதாமல் விட்டால் முன்னால் கேட்ட கேள்வியால் என்ன பிரயோஜனம்? இந்த இரண்டு கேள்விக்கும் எனக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

நான் திருநாவலூர்க்காரன். எங்கள் ஊருக்குப் பெருமை சேர்த்தவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் கதையை இந்த விஷயத்துக்கு இழுப்பதற்குப் பெரியவர்கள் மன்னிக்கணும், ஆனால் இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்று வரும். புத்தூரில் கல்யாணப் பந்தல். கிழவர் வேடத்தில் வந்த சிவன், இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் என்ன செய்தார்? ஓடிப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார்!

இப்போது பாருங்கள். பந்தலில் இருந்த எல்லோருக்கும் 'ஓலை இருக்கிறது' என்பது தெரியும். மைனஸ் இ, சரி. அதை வாசிப்பதற்குள் ஓலை போய்விட்டது. நம்ம ஊர்ப் பிள்ளை அன்றைக்கே ரேஸ் கண்டிஷன் செய்து காட்டிவிட்டார் :)

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் விசேஷம். கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூருக்குக் கூட்டிப்போகிறார். யூனிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். யூனிக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் அழிவது பெயர்தான். யாராவது அதை ஏற்கனவே திறந்து கையில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் இனோட் அப்படியே இருக்கும், அவர்கள் மூடும் வரைக்கும் படிக்கலாம், எழுதலாம். அங்கே சபை என்ன செய்தது? 'ஓலை இருக்கிறதா? சரி, வழக்கு முடிந்தது' என்று சொல்லவில்லை. ஓலையைக் கையில் வாங்கினார்கள். கரணன் பிரித்துப் படித்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் எழுத்தைப் பார்த்தார்கள். பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள். கையில் பிடித்த பிறகுதான் சோதனை. பெயரை வைத்துச் சோதிக்கவில்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாருக்குத் தெரிந்த இந்த வரிசை இன்றைய பாடப்புத்தகத்தில் தலைகீழாக இருக்கிறது.

சும்மா தத்துவம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கமிஷன் மண்டி. பெயர் வேண்டாம். உளுந்து, மணிலா, நெல் எல்லாம் வரும். விவசாயி மூட்டையைப் போட்டுவிட்டுப் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு மீதியை நிலுவையில் விட்டுவிட்டுப் போவார், விதைப்புக்கு முன்பணம் வாங்குவார். எல்லாம் கணக்கில்தான் நிற்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு ஒரு சர்வீஸ்காரர் பில்லிங் வைத்துக்கொடுத்திருந்தார். தினமும் ராத்திரி பென்டிரைவுக்கு பேக்கப் எடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்டும் எழுதியிருந்தார். பேக்கப் டைரக்டரி இருக்கிறதா என்று மைனஸ் டி, எழுதலாமா என்று மைனஸ் டபிள்யூ, இரண்டும் சரி என்றால் காப்பி செய், 'பேக்கப் முடிந்தது' என்று திரையில் காட்டு. புத்தகத்தில் இருப்பது போலவே!

ஒருநாள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பரவாயில்லை, பென்டிரைவ் இருக்கிறதே என்று செருகிப் பார்த்தால் ஏழு மாதத்துக்கு முந்தைய கணக்கோடு நிற்கிறது. "என்னப்பா இது, தினமும் லைட்டெல்லாம் எரிஞ்சிதே, முடிஞ்சிதுன்னு வேற வந்துதே" என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மீட்டுத்தருகிறவர்கள் கேட்ட தொகை அந்தக் கம்ப்யூட்டரின் விலையைவிட அதிகம். கடைசியில் விவசாயிகளிடம் இருந்த துண்டுச் சீட்டுகளை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. மழையில் நனைந்து கிழிந்துபோனவருக்கு? வாய்ப்பேச்சுதான். என் சித்தப்பாவுக்கு 14 மூட்டைப் பணத்தில் 11 மூட்டைக்குத்தான் சீட்டு இருந்தது. மீதி மூன்று மூட்டையைப் பற்றி இன்றுவரை அவர் முதலாளியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஏன் இப்படி ஆனது? பென்டிரைவ் செருகாத ஒருநாள் ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது. டைரக்டரி இல்லையென்றால் உருவாக்கு என்று ஒரு வரி வேறு இருந்தது. ஆகவே பென்டிரைவ் மாட்டவேண்டிய இடத்தில், அதே பெயரில், ஹார்டு டிஸ்கிலேயே ஒரு டைரக்டரி பிறந்துவிட்டது. மறுநாள் பென்டிரைவைச் செருகியதும் சிஸ்டம் பார்க்கிறது, அந்தப் பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, சரி என்று பெயருக்குப் பின்னால் 1 என்று சேர்த்து வேறு இடத்தில் மாட்டிவிடுகிறது. லைட் எரிகிறது. ஸ்கிரிப்ட் பழைய பெயரிலேயே கேட்கிறது: டைரக்டரி இருக்கிறதா? இருக்கிறது. எழுதலாமா? எழுதலாம். ஸ்கிரிப்ட் ஓடியது ரூட் கணக்கில், ரூட்டுக்கு எதில்தான் எழுத முடியாது? ஏழு மாதமாக ஹார்டு டிஸ்கின் நகல் அதே ஹார்டு டிஸ்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதில் எந்தச் சோதனையும் தவறான பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்ட கேள்வி தவறு. இப்படிக் கேட்கும்போது நமக்கு வேண்டியது 'என் கணக்கு பென்டிரைவில் இருக்கிறதா' என்பது. அதைக் காப்பி செய்தபின்தான் கேட்க முடியும். ஆடிட்டிங்கில் வவுச்சிங் என்று ஒன்று படிக்கிறோம். செலவு நடந்தபின் ரசீதைக் கையில் எடுத்துப் பார்ப்பது. 'செலவு செய்ய அனுமதி இருந்ததா' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை எந்தக் கம்பெனியும்... சரி, சில கம்பெனிகள் வைத்துக்கொள்ளும், அது வேறு கதை.

ரூட் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெர்ல் கையேட்டிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். மைனஸ் ஆர், மைனஸ் டபிள்யூ எல்லாம் வழக்கமாகக் கோப்பின் அனுமதி எண்களையும் உங்கள் பயனர் எண்ணையும் மட்டும்தான் ஒப்பிடும். ரூட்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்'. படிக்க மட்டும் என்று மாட்டப்பட்ட சிடியில் இருக்கும் கோப்புக்கும் 'எழுதலாம்' என்று பெர்ல் சொல்லும். ஏசிஎல் என்ற தனி அனுமதிப் பட்டியல் இருந்தால் அதையும் பார்க்காது. நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க் என்றால் அந்தப் பக்கத்து சர்வர் என்ன நினைக்கிறது என்பது இதற்குத் தெரியாது. பாஷ் ஷெல் இதில் கொஞ்சம் பரவாயில்லை, கெர்னலிடமே கேட்கும், சிடிக்கு 'முடியாது' என்று ஒழுங்காகச் சொல்லும். ஆனால் ஒரே மைனஸ் டபிள்யூவுக்கு இரண்டு மொழியில் இரண்டு பதில் என்றால் எதை நம்பி எழுதுவது?

பிஎச்பி இன்னும் ஒரு படி மேலே. ஒரு கோப்பைப் பற்றி ஒருமுறை கேட்ட பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பக்கம் ஓடும்போது அதே கோப்பைப் பற்றி மறுபடி கேட்டால் போய்ப் பார்க்காமல் பழைய பதிலையே எடுத்து நீட்டும். அதைத் துடைக்கவென்றே கிளியர் ஸ்டாட் கேஷ் என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். புது மொழி கற்கிறவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம் 'இல்லை' என்ற பதில். பைத்தானில் எக்ஸிஸ்ட்ஸ் என்று கேட்டு 'ஃபால்ஸ்' வந்தால் கோப்பு இல்லை என்றுதானே எடுத்துக்கொள்வீர்கள்? அப்படியில்லை. கோப்பு ஜம்மென்று உள்ளே இருக்கும். அது இருக்கும் டைரக்டரிக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் ஃபால்ஸ்தான். காலாவதியான சிம்பாலிக் லிங்க் என்றாலும் ஃபால்ஸ்தான். பீரோவில் ஃபைல் இல்லை என்பதும் பீரோ பூட்டியிருக்கிறது என்பதும் ஒன்றா? தாலுகா ஆபீசில் ஒரு பட்டாவுக்கு அலைந்தவரைக் கேளுங்கள். நேராக ஓப்பன் செய்திருந்தால் கெர்னல் காரணத்தோடு சொல்லியிருக்கும்: அப்படிக் கோப்பு இல்லை, அனுமதி இல்லை, அது டைரக்டரி, டிஸ்கில் எழுத முடியாது, இடம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அத்தனை தகவலையும் ஆம், இல்லை என்ற இரண்டே வார்த்தையில் அடக்கிவிட்டு அப்புறம் 'எரர் ஒண்ணுமே புரியல' என்று புலம்புகிறோம்.

பீரோ என்றதும் இன்னொன்று. ஒரு கோப்பில் எழுத அனுமதி இல்லை என்று சோதனை சொல்கிறது, ஆகவே அதை யாரும் அழிக்க முடியாது என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கக் கோப்பின் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் டைரக்டரியில் நுழையவும் எழுதவும் அனுமதி இருந்தால் போதும். பீரோ சாவி வைத்திருப்பவர் உள்ளே இருக்கும் கட்டைப் படிக்க முடியாமல் போனாலும் தூக்கிக் குப்பையில் போடலாம் அல்லவா? அதேதான். டெம்ப் டைரக்டரிக்கு மட்டும் ஸ்டிக்கி பிட் என்று ஒன்று வைத்து, அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்கலாம் என்று தடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனை மோகத்தால் வரும் பெரிய வியாதி 777. சோதனை 'அனுமதி இல்லை' என்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. உடனே பக்கத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர் "777 போடு, சரியாப்பூடும்" என்பார். 7 என்றால் படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்த்து. மூன்று 7 என்றால் உரிமையாளர், குழு, ஊரார் எல்லோருக்கும் எல்லாமும். வீட்டுச் சாவி சேரவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கிற வேலை. அதிலும் கோளாறு மேலே இருக்கும் டைரக்டரியில் என்றால் 777 போட்டும் வேலை செய்யாது. அப்புறம் 'சூடோ போட்டு ஓட்டு'. ரூட்டாக ஓட்டியதும் எல்லாச் சோதனையும் பச்சைக் கொடி காட்டும். மண்டிக்காரருக்கு நடந்ததும் அதுதானே.

கெட்டவன் ஒருவன் நடுவில் இருந்தால் இன்னும் மோசம். 1993இல் எக்ஸ்டெர்ம் என்ற பிரபலமான டெர்மினல் நிரலைப் பற்றி செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. அந்த நிரல் பல சிஸ்டங்களில் ரூட் அதிகாரத்தோடு ஓடும். பயனர் கேட்கும் லாக் கோப்பில் எழுத அந்தப் பயனருக்கு உரிமை உண்டா என்று முதலில் கேட்கும், அப்புறம் ரூட்டாகத் திறக்கும். கேட்டதற்கும் திறந்ததற்கும் நடுவில் அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டு கோப்புக்கு ஒரு லிங்கை அதே பெயரில் வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. 1996இல் மாட் பிஷப், மைக்கேல் டில்ஜர் இருவரும் இந்த வகை ஓட்டையைப் பற்றித் தனி ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். இன்று லினக்ஸ் கையேட்டில் ஆக்சஸ் பக்கத்தைத் திறந்தால், திறப்பதற்கு முன் அனுமதி கேட்க இதைப் பயன்படுத்தாதே, பாதுகாப்பு ஓட்டை வரும் என்று எச்சரிக்கை இருக்கிறது. பைத்தான் கையேட்டிலும் இருக்கிறது. கையேடு எழுதியவர்கள் செய்யாதே என்கிறார்கள், பாடம் எடுப்பவர்கள் செய் என்கிறார்கள். யாரை நம்புவது? எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, எப்படித்தான் எழுதுவது? நேராகத் திற. தோற்றால் கெர்னல் சொல்லும் காரணத்தை அப்படியே காட்டு. பைத்தானில் ட்ரை, எக்ஸெப்ட். பெர்லில் ஓப்பனுக்குப் பின்னால் 'ஆர் டை' போட்டு டாலர் ஆச்சரியக்குறியை அச்சடித்தால் காரணம் வந்துவிடும். ஷெல்லில் காப்பி கட்டளை தந்த திரும்பும் எண்ணைப் பார், அது பூஜ்ஜியம் என்றால்தான் 'முடிந்தது' என்று சொல். 'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற வேலைக்கு முன்னால் மைனஸ் இ வேண்டவே வேண்டாம். பைத்தானில் 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து ஓப்பனுக்கு எக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, ஏற்கனவே இருந்தால் தோற்கும், இல்லாவிட்டால் உருவாக்கும், நடுவில் யாரும் புக முடியாது. ஷெல்லில் பூட்டுக் கோப்பு வேண்டுமென்றால் எம்கேடிர் போதும், டைரக்டரி ஏற்கனவே இருந்தால் அதுவே தோற்றுவிடும். திறந்த கோப்பின் அளவோ வகையோ தெரியவேண்டுமா? பெர்லில் பெயருக்குப் பதில் திறந்த ஹேண்டிலையே மைனஸ் எஸ்ஸிடம் கொடுக்கலாம். திருவெண்ணெய்நல்லூர் சபை செய்தது இதைத்தான்.

மண்டி மாதிரி இடத்துக்கு மவுண்ட்பாயின்ட் என்று ஒரு குட்டிக் கட்டளை இருக்கிறது, அந்த இடத்தில் நிஜமாகவே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று சொல்லும். அதைப் போட்டுவிட்டு, காப்பி முடிந்தபின் இரண்டு கோப்பையும் சிஎம்பி வைத்து ஒப்பிட்டால் ஏழு மாதம் என்ன, ஏழு நாள்கூட ஏமாற முடியாது.

'அப்படியென்றால் அந்த அட்டவணையே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும். மூன்று மணி நேரம் ஓடும் கணக்கின் கடைசியில் எழுத இடமில்லை என்று தெரிவதைவிட முதலிலேயே ஒரு பார்வை பார்ப்பது நல்லதுதான், அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாத வரைக்கும். ஆயிரம் கோப்பில் டைரக்டரிகளை மட்டும் பிரிக்க மைனஸ் டி வேண்டும். பெர்லில் மைனஸ் எம் என்று ஒன்று இருக்கிறது, ஸ்கிரிப்ட் தொடங்கிய நேரத்துக்கு எத்தனை நாள் முன்னால் கோப்பு மாறியது என்று சொல்லும். பேக்கப் கோப்புக்கு அது ஒன்றைத் தாண்டினால் சத்தம் போடு என்று எழுதியிருந்தால் மண்டிக்காரர் இரண்டாம் நாளே கண்டுபிடித்திருப்பார், அதையும் பென்டிரைவ் மாட்டியிருக்கும் சரியான இடத்தில் கேட்டிருந்தால். ஆக அட்டவணையில் அதிகம் மதிக்கவேண்டிய எழுத்துகள் எம்மும் எஸ்ஸும்தான். புத்தகங்களில் அவை கடைசி வரியில் கிடக்கின்றன.

பி.கு: ஷெல்லில் சதுர அடைப்புக்குள் மைனஸ் எஃப் போட்டு ஒரு மாறியைக் கொடுக்கும்போது இரட்டை மேற்கோள் போட மறக்காதீர்கள். மாறி காலியாக இருந்தால் உள்ளே மைனஸ் எஃப் மட்டும் மிச்சம் நிற்கும். ஷெல் அதை ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு, சொல் காலியில்லையே என்று 'உண்மை' என்று பதில் சொல்லிவிடும். பெயரே இல்லாத கோப்பு இருக்கிறதாம்!